கடலில்லா நாடும் குடவோலை ஊரும்

ஓர் ஊருக்குச் செல்வதற்கு முன் அவ்வூரைப் பற்றிச் சிறிதேனும் அறிந்துகொண்டே செல்ல வேண்டும் என்பது என் தந்தையார் கற்பித்த பழக்கம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்படுவதானாலும், வழியில் வரும் சிதம்பரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் உரிய வரலாற்றை முதல்நாள் இரவே எங்களுக்குச் சொல்லி முடித்துவிடுவார். "கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்த்துவிடு" என்பார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, உத்திரமேரூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நிலத்தையும் நூல்களையும் துணையாகக் கொண்டு வாழும் எனக்கு, அப்பழக்கத்தை மீண்டும் கையாளும் வாய்ப்பு இவ்வாண்டு வந்தது. சுவிட்சர்லாந்தில் பொறியாளராகப் பணிபுரியும் என் தங்கை மகன், தன் மாமாவும் அத்தையும் அங்கு வந்து ஒரு மாதமேனும் தங்கிச் செல்ல வேண்டும் என்று அழைத்திருக்கிறான்.

சுவிட்சர்லாந்து என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவை கடிகாரம், சாக்லேட், கறுப்புப் பணம், நம் திரைப்பட நாயகனும் நாயகியும் காரணமின்றி ஓடி விளையாடும் பசும்புல்வெளி ஆகியவையே. எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாதிருந்தது. ஆகவே பழைய நிலப்படத்தை விரித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

பரப்பளவு 41,285 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மக்கள் ஏறத்தாழ 90 இலட்சம். ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, ஆஸ்திரியா, லீக்டன்ஸ்டைன் ஆகிய ஐந்து நாடுகள் சூழ்ந்திருக்க, கடற்கரை என்பது ஒரு முழமும் இல்லை. ரைன் ஆற்றின் வழியே பாசல் நகருக்கு வரும் கப்பல்களே அந்நாட்டுக்கும் கடலுக்கும் உள்ள நீர்வழி உறவு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்சு என நான்கு தேசிய மொழிகள். இவற்றுள் மலைப்பகுதி மக்கள் சிலரே பேசும் ரோமான்சு மொழிக்கு 1938இல் நாடு முழுவதும் வாக்களித்து அத்தகுதியை வழங்கினார்கள். பெருமொழியினர் சிறுமொழியைத் தம் வாக்கினால் உயர்த்திய அச்செய்தியை வாசித்தபோது நூலைச் சற்றே மூடி வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன்.

26 கான்டன்கள், அதாவது தனித்தனி அரசியல் சட்டமுடைய மாநிலங்கள், சேர்ந்த கூட்டாட்சி அது. அவற்றுள் இரண்டில், கிளாருஸிலும் அப்பன்செல் உட்பகுதியிலும், சட்டமன்றம் ஒன்று இருந்தபோதிலும் முடிவான அதிகாரம் திறந்தவெளியில் கூடும் மக்களிடமே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாக்குரிமை உடையோர் யாவரும் நகரச் சதுக்கத்தில் வட்டமாக நின்று, கை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்கிறார்கள். 'லாண்ட்ஸ்கெமைண்டே' என்று அதற்குப் பெயர். 'நாட்டுக்கூட்டம்' என நாம் சொல்லிக்கொள்ளலாம். கத்தோலிக்க மண்ணான அப்பன்செல்லில் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் ஊர்வலமாகச் சதுக்கத்துக்கு வருகிறார்கள். ஆடவர் இடையில் அணிந்துவரும் பரம்பரை வாளோ குறுவாளோ அவர்தம் வாக்குரிமைக்கு அடையாளம். கிளாருஸில் மே மாத முதல் ஞாயிறு. அங்கே கூட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே, பேசப்படவுள்ள பொருள்கள் யாவும் விளக்கத்தோடு அச்சிடப்பட்டு வாக்காளர் கையில் கிடைத்துவிடும். அவ்வாண்டு வரி எவ்வளவு என்பதையும் மக்களே முடிவு செய்கிறார்கள். 2006ஆம் ஆண்டுக் கூட்டத்தில் தங்கள் 25 ஊராட்சிகளை மூன்றாகச் சுருக்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்தார்கள்.

இதுவரை வியப்போடு வாசித்துக்கொண்டு வந்த நான், கிளாருஸின் பழைய வரலாற்றில் ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றேன்.

17ஆம் நூற்றாண்டில் அங்கே பதவிகள் விலைப்பொருளாகியிருந்தன. தலைவர் பதவியை அடைந்தவருக்கு ஆதாயம் மிகுதி. ஆதலின் பதவி நாடுவோர் வாக்காளர்களுக்கு விருந்தும் மதுவும் காசும் வழங்குவது வழக்கமாயிற்று. (இதனை வாசிக்கும் எந்தத் தமிழருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.) அபராதம் விதித்துப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் 1640இல் சீர்திருத்தச் சபையார் ஒரு வழி கண்டார்கள். சில ஆண்டுகளில் கத்தோலிக்கரும் அதனைப் பின்பற்றினர். மக்கள் கூடி எண்மரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வெண்மரும் வட்டத்தின் நடுவே வந்து நிற்பார்கள். கறுப்பு உறையிட்ட எட்டு உருண்டைகளை ஒரு சிறு குழந்தை அவர்கள் முன் ஒவ்வொன்றாக வைக்கும். ஏழு வெள்ளி, ஒன்று பொன். பொன் உருண்டை யாருக்கு வாய்த்ததோ அவருக்கே பதவி. பணம் கொடுத்து எட்டில் ஒரு வாய்ப்பைத்தான் வாங்க முடியும் என்றால், வாங்குகிறவன் கை சற்றே தயங்குமன்றோ! 1837 வரை இச்சீட்டு முறை நீடித்தது.

அக்குழந்தையை நான் முன்பே அறிவேன். எங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அது நின்றுகொண்டிருக்கிறது.

உத்திரமேரூர், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரோடு அமைந்த ஊர். இதற்கும் கடலில்லை, ஆனால் வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் கூறும் பேரேரி உண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், ஊர்ச்சபையார் தம் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதிக் கல்லில் வெட்டினார்கள். கல்வெட்டறிஞர் வெங்கையா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் தொல்லியல் துறை அறிக்கையில் விரிவாக வெளியிட்டபின் உலகம் அறிந்தது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் அக்கல்வெட்டு பேசப்பட்டது.

முறை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஆயினும் மேலோட்டமாகப் படித்ததே மிகுதி. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் இட்டார்கள். சிறியோர் முதியோர் அனைவரும் கூடிய சபையில், நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தனோ ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனைப் பெற வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது பாருங்கள்! அவர் வாசித்ததை அங்குள்ள நம்பிமார் அனைவரும் திரும்ப வாசிக்க வேண்டும். இவ்வாறு 30 குடும்புக்கும் 30 பேர். அவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

இம்முறையை வகுத்தவர்கள் மனிதரை நம்பாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனிதரை நன்றாக அறிந்தவர்கள் என்று சொல்லலாம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன் என உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதி, இவர்களில் எவர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்றார்கள். ஒருவன் பெயரில் இன்னொருவன் ஆள்வது 10ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த கலை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. முதற் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டுகளில் அதை 35 முதல் 70 என மாற்றினார்கள். கல்லில் வெட்டிய விதியையும் குறை கண்டபோது திருத்தத் தயங்கவில்லை என்பதே என்னை மிகவும் கவர்ந்தது.

கிளாருஸுக்கும் உத்திரமேரூருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவும் உள்ளன. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியிருக்க வழியில்லை. ஏதென்சு நகரத்தாரும் சீட்டெடுத்தார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டபோது திருத்தூதர்களும், இருவரை முன்னிறுத்தி, மன்றாடி, சீட்டுப் போட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் காண்கிறோம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கிளாருஸில் முதலில் மக்களின் தேர்வு, பிறகு சீட்டு. உத்திரமேரூரில் முதலில் தகுதி, பிறகு சீட்டு. வெறும் குலுக்கலை இரு ஊராரும் நம்பவில்லை.

அந்தத் தகுதி என்ன என்பதைப் பார்த்தபோதுதான் என் மகிழ்ச்சி சற்றே அடங்கியது. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட சொந்த நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி. அரை வேலியின் பாதியாகிய அந்நிலத்தில் பாதியளவே உடையவர், ஒரு வேதத்தையும் அதன் உரையையும் கற்றிருந்தால் போதும். அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்; சபையும் அவர்களுடையதே. பெண்கள் இல்லை. உழுதவரும் நெய்தவரும் ஏரியில் தூர் எடுத்தவரும் இல்லை. என் முன்னோர் அன்று இப்பகுதியில் இருந்திருப்பார்களாயின் வயிரமேகத் தடாகத்து நீரில் பிறர் நிலத்தை உழுதிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்பட்டிராது. வகுப்பறையில் முப்பதாண்டுகள் 'மக்களாட்சியின் தொட்டில்' என்று இக்கல்வெட்டைப் போற்றிக் கற்பித்த நான், இதனை ஒருநாளும் மாணவருக்குச் சொன்னதில்லை.

அந்நாட்டையும் அதே கண்ணால் நோக்கினேன். சுவிட்சர்லாந்தில் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1971 பிப்ரவரி 7ஆம் நாள். நமக்கு விடுதலையும் குடியரசும் வந்தபோதே நம் அன்னையர் பெற்ற உரிமையை, ஐரோப்பாவின் நடுவில் இருந்த பெண்கள் இருபதாண்டுகள் கழித்தே பெற்றார்கள். அப்பன்செல் உட்பகுதியின் வாளேந்திய ஆடவரோ தம் கான்டனில் அதற்கும் இணங்கவில்லை. 1990 ஏப்ரல் கூட்டத்திலும் கை உயர்த்தி மறுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 1991இல் பெண்கள் அச்சதுக்கத்து வட்டத்துக்குள் வந்து நின்றார்கள். பொன் உருண்டையின் ஊராகிய கிளாருஸில் 1782இல் அன்னா கோல்டி என்னும் பணிப்பெண்ணைச் சூனியக்காரி எனத் தண்டித்து வாளால் வெட்டிக் கொன்றார்கள். 2008இல் அக்கான்டனின் மன்றம் அவர் குற்றமற்றவர் என அறிவித்தது. 226 ஆண்டுகள் ஆயின.

அயலாரின் நிலையும் அவ்வாறே. குடியுரிமை கேட்பவரை ஊரே ஏற்கவும் மறுக்கவும் கூடிய நாடு அது. லூசர்ன் நகருக்கு அருகிலுள்ள எம்மென் என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில், இத்தாலியரை ஏற்று, முன்னாள் யூகோசுலாவியப் பகுதியிலிருந்து வந்த பலரையும் தள்ளிவிட்டார்கள். காரணம் கூறாமல் மறுக்கும் இத்தகைய வாக்கெடுப்பு செல்லாது என 2003இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகளாக அங்கு சென்று சேர்ந்த நம் தமிழர், இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர், இந்தக் கதவுகளின் முன்தான் காத்து நின்றிருக்கிறார்கள். உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் விளங்குகிறார்கள். பாசலுக்கு அருகில் மரியஸ்டைன் என்னும் ஊரில் உள்ள அன்னை மரியாவின் திருத்தலத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்டில் தமிழர் திருப்பயணம் நடைபெறுகிறது. மடு மாதாவை நினைந்து வரும் கத்தோலிக்கரோடு சைவத் தமிழரும் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்களாம். போனால் அங்கே கட்டாயம் ஒருநாள் செல்ல வேண்டுமென்று என் துணைவியார் இப்போதே குறித்து வைத்துவிட்டார்.

நம் வாசகர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் அந்நாட்டில் பலமுறை போரிட்டார்கள். இறுதிப் போர் 1847 நவம்பரில் நடந்தது. லூசர்ன் உள்ளிட்ட ஏழு கத்தோலிக்கக் கான்டன்கள் தோற்றன. மாண்டவர் ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே. வென்ற படையின் தளபதி துஃபூர், காயமுற்ற எதிரியையும் காக்க வேண்டுமெனத் தம் வீரர்க்கு ஆணையிட்டிருந்தார். அவரே பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டு எழுதிய அரசியல் சட்டம், தோற்ற சிறு கான்டனுக்கும் வென்ற பெருங்கான்டனுக்கும் மேலவையில் இரண்டிரண்டு இடங்கள் தந்தது. அதே சட்டம் இயேசு சபையாரை அந்நாட்டில் பணியாற்ற விடாமல் தடுத்தது. அத்தடையை நீக்கியதும் மக்கள் வாக்குத்தான், 1973இல்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி, ஒரு துறவி. ஃப்ளூ ஊர் நிக்கோலாஸ் என்னும் அவரைச் சுவிஸ் மக்கள் 'சகோதரர் கிளாவுஸ்' என்று அன்போடு அழைக்கிறார்கள். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற உழவர். மனைவி தொரொத்தேயாவின் இசைவோடு 1467இல் வீட்டை விட்டு, நடந்து செல்லும் தொலைவிலேயே ஒரு பள்ளத்தாக்கில் தவமியற்றினார். 1481இல் கான்டன்கள் தம்முள் போரிடும் நிலை வந்தபோது, ஸ்டான்ஸ் நகரில் கூடியவர்களுக்கு அவர் சொல்லியனுப்பிய அறிவுரையால் உடன்பாடு பிறந்தது. அவர் என்ன சொன்னார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை என்பது வியப்பு. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

என் உள்ளம் ஒன்றிய இடம் வேறு. வாலே மாநிலத்தில் தோர்பெல் என்ற மலையூர் இருக்கிறது. அவ்வூரார் 1483 பிப்ரவரி முதல் நாள் கூடி, மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பொதுவாக ஆள ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். குளிர்காலத்தில் ஒருவர் தம் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காக்க முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்பது 1517இல் எழுதிய விதி. மீறியவரிடம் தண்டம் வசூலிக்கும் அதிகாரிக்கு அதில் பாதி சொந்தம். ஆகவே அவர் கண் மூடியிருக்க மாட்டார்! காட்டில் வெட்டிய மரத்தைச் சமமான அடுக்குகளாக அடுக்கி, யாருக்கு எந்த அடுக்கு என்று சீட்டெடுப்பார்கள். இங்கும் சீட்டு. எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அறிஞர் 1990இல் எழுதிய நூலில் இவ்வூரைச் சான்றாகக் காட்டினார்; பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோரே காத்துக்கொள்ள வல்லவர் என நிறுவியமைக்காக 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்விதிகளும் அயலார்க்கு இடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஏரி வாரியம் செய்ததும் இதுவே. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரியைத் தூர்வாரச் செய்யப்பட்ட அறக்கொடைகள் பேசப்படுகின்றன. அவற்றை நிருவகிப்பது அந்த ஆறு பேர் பொறுப்பு. தோர்பெல் தன் விதிகளை ஐந்நூறு ஆண்டுகள் கைவிடாமல் வைத்துக்கொண்டது. நாமோ கல்லைக் காத்தோம், வாரியத்தைக் காக்கவில்லை.

அல்லது மீண்டும் பெற்றோம் என்று கூற வேண்டுமோ? 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். நிலம் வேண்டா, வேதம் வேண்டா, வாளும் வேண்டா. தமிழகத்தில் ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கென 2016இல் சட்டம் வந்துவிட்டது. 921ஆம் ஆண்டுச் சபை வாயிலில் நிற்கவும் முடியாதிருந்தவரெல்லாம், குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் காந்தியடிகள் பிறந்த நாளிலும், ஊராட்சியின் வரவு செலவைக் கேட்டு நிற்கலாம்.

அச்சபைக்கு நான் எத்தனை முறை சென்றிருக்கிறேன்? எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை. ஒருமுறை, நாற்காலியும் தேநீரும் கிடைத்தன என்பதைத் தவிர நினைவில் ஒன்றும் இல்லை. மறுமுறை கையெழுத்திட்டுவிட்டுப் பாதியிலேயே வந்துவிட்டேன். வீட்டில் விருந்தினர் இருந்தனர் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற வாரம் தங்கை மகன் தொலைபேசியில் பேசினான். "மாமா, ஏப்ரல் கடைசி ஞாயிறுக்கு முன்னதாகவே வந்துவிடுங்கள். அப்பன்செல் கூட்டத்தையும் பார்க்கலாம், அடுத்த வாரம் கிளாருஸையும் பார்க்கலாம். நீங்கள் ஆசைப்பட்டது அதுதானே?" என்றான். ஆசைப்பட்டது அதுதான். ஆனால் மே முதல் நாள் எங்கள் ஊரில் கிராம சபை. எங்கள் ஏரியின் கீழ்மடை நான்காண்டுகளாகத் தூர்ந்து கிடக்கிறது. கடைமடை நிலங்களுக்கு நீர் எட்டுவதில்லை. அதற்கென ஒதுக்கிய தொகையும் செலவும் எவ்வளவு எனக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பயணச்சீட்டை மே மாதம் இரண்டாம் நாளுக்குப் பதிவு செய்யுமாறு அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"அப்படியானால் அப்பன்செல் கிடைக்காது, கிளாருஸ் மட்டும் கிடைக்கலாம், அதுவும் ஞாயிறு எந்தத் தேதியில் வருகிறது என்பதைப் பொறுத்து" என்றான்.

பார்க்கலாம் என்றேன்.